குவியும் குழியும்

நாற்பதைத் தாண்டியவனுக்கு வெள்ளெழுத்து வருவது இயற்கை. எனக்கும் வந்தது. முதலில் பத்திரிகையைக் கை நீட்டிப் பிடித்துப் படித்தேன். பிறகு கையின் நீளம் போதவில்லை. வேறு வழியின்றிக் கண்ணாடிக் கடைக்குப் போனேன்.

அங்கே இருந்த பையன் என் மூக்கின் மேல் ஒரு கனத்த இரும்புச் சட்டத்தை மாட்டினான். அதில் வட்டக் கண்ணாடித் துண்டுகளை மாற்றி மாற்றிச் செருகி, "இது தெளிவாயிருக்கிறதா ஸார், இது தெளிவாயிருக்கிறதா?" என்று கேட்டான். உண்மையில் எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. ஆனால் அவ்வளவு சிரத்தையாகக் கேட்கிற பையனிடம் அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. "இரண்டாவதுதான்" என்று ஒரு போடு போட்டேன். அப்படி வந்து சேர்ந்த கண்ணாடிதான் இப்போது என் மூக்கில் இருப்பது. அதைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் எழுதினால் தலையை வலிக்கும்.

கடையிலிருந்து திரும்பிய அன்றே, அப்போது எழுதிக்கொண்டிருந்த தொடர்கதையின் கதாநாயகனை லென்ஸ் செய்கிறவனாக மாற்றிவிட்டேன். அதுவரை அவனுக்கு உத்தியோகம் எதுவும் கொடுக்கவில்லை. எழுத்தாளனுக்கு இது ஒரு சௌகரியம். பிடிக்காத செலவைக்கூடக் கதையில் வரவு வைத்துக்கொள்ளலாம். ஐந்தாவது அத்தியாயத்தில் அவன் ஓர் இரவு முழுவதும் கண்ணாடியைத் தேய்க்கிறான். விடியற்காலையில் அதைச் சூரியனுக்கு நேரே பிடிக்கிறான். உலகமே தெளிவாகத் தெரிகிறது. கண்ணில் நீர் துளிக்கிறது. வாசகர்களிடமிருந்து பாராட்டுக் கடிதங்கள்கூட வந்தன.

இந்தச் சமயத்தில்தான் என் அக்கா பெண் பெங்களூரிலிருந்து கும்பகோணத்துக்கு, எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

அவளுக்கு இருபத்தாறு வயது. இருந்தாலும் எங்களுக்கு இன்னும் பாப்பாதான். ஒளியியலில் எம்.எஸ்ஸி. படித்தவள். லென்ஸ் செய்கிற ஒரு கம்பெனியில் இரண்டு வருஷமாக வேலை. மெய்யாகவே லென்ஸ்களுக்குக் கணக்குப் போடுகிற வேலை. பத்து நாள் லீவு என்றாள். பெற்றவர்களிடம் போகாமல் மாமா வீட்டுக்கு ஏன் வந்தாள் என்று நாங்கள் கேட்கவில்லை. காலையில் எழுந்திருப்பாள், காப்பி குடிப்பாள், ஊஞ்சலில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பாள். கேட்டதற்கு மட்டும் பதில். அந்தப் பெண் வாயை மூடாமல் பேசி நாங்கள் காதைப் பொத்திக்கொண்ட காலம் ஒன்று உண்டு.

மூன்றாம் நாள் என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஊருக்கெல்லாம் கதை சொல்கிறீர்களே, இந்தக் குழந்தையிடம் நாலு வார்த்தை பேசக்கூடாதா?" என்றாள்.

பேசினேன். "ஏன் பாப்பா, என் தொடர்கதையைப் படிக்கிறாயா?"

"படித்தேன் மாமா."

"எப்படி?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "கண்ணாடியைச் சூரியனுக்கு நேரே பிடித்து உலகத்தைப் பார்த்தால் கண் பொசுங்கிப்போகும் மாமா" என்றாள்.

இத்தனை வருஷ எழுத்து அநுபவத்தில் இவ்வளவு சுருக்கமான விமரிசனத்தை நான் பெற்றதில்லை. அடியைத் துடைத்துக்கொண்டு, "அப்படியானால் நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்? எனக்குக் கற்றுக்கொடேன்" என்றேன். விளையாட்டாகத்தான் கேட்டேன். ஆனால் அவள் எழுந்து போய்த் தன் மடிக்கணினியைக் கொண்டுவந்தாள்.

நான் கல்லூரியில் இரண்டே வருஷம் படித்துவிட்டு நின்றவன். அந்த இரண்டு வருஷத்தில் ஒளியியல் சோதனைச்சாலையில் குண்டூசிகளை நட்டு, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, ஊசிக்கு நேரே ஊசியைத் தேடியது ஞாபகம் இருக்கிறது. பொருள் தூரத்துக்குப் பிளஸ் போடுவதா மைனஸ் போடுவதா என்பது மட்டும் கடைசி வரையில் பிடிபடவில்லை. நான் கணிதத்தை விட்டுக் கதைக்கு வந்ததில் அந்த மைனஸுக்கு ஒரு பங்கு உண்டு.

அவள் திறந்து காட்டியது ஜீமாக்ஸ் என்ற புரோகிராம். பெயரைக் கேட்டு ஏதோ கிரேக்கத் தத்துவம் என்று நினைத்தேன். இல்லையாம். அதைச் செய்த கென் மூர் என்ற அமெரிக்கர் முதலில் தம்முடைய நாயின் பெயரான மாக்ஸ் என்பதையே அதற்கு வைத்தார். பின்னால் அது ஜீமாக்ஸ் ஆயிற்று. நாயின் பெயர் என்று தெரிந்ததும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

மீதிப் பயமும் திரையைப் பார்த்தபோது போயிற்று. லென்ஸின் படம் வரும், அதைக் கையால் இழுத்து வளைக்கலாம் என்று எதிர்பார்த்தேன். வந்தது மளிகைக் கடைக் கணக்கு. ஒவ்வொரு வரியும் ஒரு முகம். கண்ணாடிக்கு முன்முகம் ஒன்று, பின்முகம் ஒன்று. ஆகவே ஒரு வில்லைக்கு இரண்டு வரிகள். ஒவ்வொரு வரியிலும் மூன்று முக்கியமான கட்டங்கள்: அந்த முகத்தின் வளைவு எத்தனை ஆரமுள்ள பந்திலிருந்து வெட்டியது, அடுத்த முகம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, நடுவில் இருப்பது என்ன கண்ணாடி. கண்ணாடிக் கட்டத்தைக் காலியாக விட்டால் காற்று என்று அர்த்தம். தட்டையான முகத்துக்கு என்ன ஆரம் என்று கேட்டேன். "அனந்தம்" என்றாள். அப்படியே எழுதியிருந்தது. மளிகைக் கணக்கில் அனந்தம் என்ற வார்த்தையை அன்றுதான் பார்த்தேன்.

"முதலில் ஒரு சாதாரணப் பூதக்கண்ணாடி செய்யுங்கள் மாமா. இரண்டு பக்கமும் 100 மில்லிமீட்டர் ஆரம். கனம் 5 மில்லிமீட்டர். கண்ணாடி பி.கே. 7."

நான் தட்டினேன். 100. 5. பி.கே. 7. அடுத்த வரியில் மறுபடியும் 100. குவியத் தூரம் என்ன என்று பார்த்தால், 11 மீட்டருக்கு மேல்!

"ஏன் பாப்பா, கையில் பிடிக்கிற கண்ணாடி இது. இதன் பிம்பம் திண்ணையைத் தாண்டி, தெருவையும் தாண்டி, எதிர்வீட்டுக் கூடத்தில் போய் விழுகிறதே!"

அவள் குனிந்து பார்த்தாள். பார்த்தவள் சிரித்துவிட்டாள். வந்த பிறகு முதல் சிரிப்பு. "இரண்டாவது ஆரத்துக்கு மைனஸ் போடவேண்டும் மாமா. வளைவின் மையம் முகத்துக்கு வலது பக்கம் இருந்தால் பிளஸ், இடது பக்கம் இருந்தால் மைனஸ். நீங்கள் இரண்டு முகத்தையும் ஒரே பக்கமாக வளைத்துவிட்டீர்கள். இது பூதக்கண்ணாடி இல்லை, கைக்கடிகாரத்தின் மேல் மூடி."

மைனஸ் போட்டேன். 11 மீட்டர் சட்டென்று 97.6 மில்லிமீட்டர் ஆயிற்று. ஒரு சின்னக் கோடுதான், ஐயா! இத்தனை வருஷம் கழித்து அந்தப் பழைய மைனஸ் என்னைத் தேடி வந்து பழிதீர்த்துக்கொண்டது என்று நான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் முகம் வாடியிருந்தது. "தலை வலிக்கிறது மாமா" என்று எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் தானாகவே வந்தாள். பாடம் தொடர்ந்தது. நேற்றைய பூதக்கண்ணாடிக்குள் நீலம், பச்சை, சிவப்பு என்று மூன்று நிறக் கதிர்களை அனுப்பச் சொன்னாள். கண்ணாடி நீலத்தை அதிகமாக வளைக்கிறது. சிவப்பைக் குறைவாக வளைக்கிறது. நீலம் முன்னால் குவிந்துவிட, சிவப்பு சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளிப் போய்க் குவிந்தது. இதைத் திருத்த ஒரு வில்லையால் ஆகாது. கிரவுன் கண்ணாடியில் ஒரு குவிவில்லையும் பிளிண்ட் கண்ணாடியில் ஒரு குழிவில்லையும் சேர்க்கவேண்டும். முதலாவது குவிக்கும், இரண்டாவது நிறங்களை மட்டும் நன்றாக எதிர்ப்பக்கம் இழுக்கும், குவிப்பைக் கொஞ்சம்தான் கெடுக்கும். லண்டனில் ஜான் டாலண்ட் என்பவர் 1758-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். நல்ல தம்பதிகளைப் பற்றிச் சொல்வதுபோல் இருக்கிறதே என்றேன். "எல்லாவற்றையும் கதையாக்காதீர்கள் மாமா" என்றாள்.

பிறகு வந்தது மூன்று வில்லைக்காரர். 1893-ல், இங்கிலாந்தின் யார்க் நகரத்தில் குக் தூரதர்சினிக் கம்பெனியைச் சேர்ந்த டென்னிஸ் டெய்லர் என்பவர் இதைக் கண்டுபிடித்தார். இரண்டு குவிவில்லைகளுக்கு நடுவே ஒரு குழிவில்லை; அவ்வளவுதான். ஆனால் அதன் கணக்கைக் கேளுங்கள். மூன்று வில்லைக்கு ஆறு வளைவுகள், இரண்டு இடைவெளிகள். ஆக, நம் கையில் இருப்பவை 8. லென்ஸுக்கு இயல்பாக உள்ள அடிப்படைக் குறைகள் ஐந்து, நிறக் குறைகள் இரண்டு, அவற்றோடு நமக்கு வேண்டிய குவியத் தூரம் ஒன்று. ஆக, தீர்க்கவேண்டியவையும் 8. எட்டுக்கு எட்டு! மாதச் சம்பளக்காரன் வீட்டு வரவும் செலவும் இப்படிச் சரியாக நிற்பதை நான் கண்டதில்லை.

டெய்லரைப் பற்றி இன்னொன்றும் சொன்னாள். பழைய லென்ஸ்களின் மேல் காலப்போக்கில் ஒரு மங்கல் படரும். கெட்டுப்போயிற்று என்று எல்லாரும் மறுபடி மெருகு போடுவார்கள். டெய்லர் அளந்து பார்த்தார். மங்கல் படர்ந்த லென்ஸ் புது லென்ஸைவிட அதிக வெளிச்சத்தை உள்ளே விட்டது. இன்றைக்கு லென்ஸ்களின் மேல் பூசுகிற பூச்சுக்கு அந்த மங்கல்தான் முன்னோடி.

அந்தக் காலத்தில் ஒரே ஒரு கதிரை ஒரே ஒரு முகத்தின் வழியாகக் கொண்டுசெல்ல, மடக்கை அட்டவணையைப் புரட்டிக்கொண்டு பல நிமிஷங்கள் உட்காரவேண்டும். 1840-ல் வியன்னாவில் பெட்ஸ்வால் என்ற பேராசிரியர் முகம் எடுக்கும் காமிராவுக்கு லென்ஸ் கணக்கிட்டபோது, பீரங்கிப் படையிலிருந்து கணக்குத் தெரிந்த சிப்பாய்களைக் கடன் வாங்கினார். இப்போது ஒரு பொத்தானைத் தட்டினால் இமைக்கிற நேரத்தில் ஆயிரக்கணக்கான கதிர்கள் ஓடிவிடுகின்றன. அவை போய் விழும் இடம் சின்னச் சின்னப் புள்ளிகளாகத் திரையில் தெரிகிறது. புள்ளிகள் ஒரே இடத்தில் குவிந்தால் நல்ல லென்ஸ். வாரி இறைத்ததுபோல் விழுந்தால் கெட்ட லென்ஸ்.

"அப்படியானால் மெஷினே லென்ஸைச் செய்துவிடுமே, நீ எதற்கு?" என்று கேட்டேன்.

"நீங்களே கேட்டுப் பாருங்கள்" என்றாள்.

எந்தெந்த எண்ணை மெஷின் மாற்றலாமோ அதன் பக்கத்தில் 'வி' என்று ஓர் எழுத்துப் போடவேண்டும். பிறகு நமக்கு என்ன வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதித் தரவேண்டும். நான் எல்லாவற்றுக்கும் 'வி' போட்டேன். "புள்ளி சிறியதாக இருக்கவேண்டும்" என்று ஒன்றை மட்டும் கேட்டேன். மெஷின் மளமளவென்று வேலை செய்து, மிகச் சிறிய புள்ளியைத் தந்தது. படத்தைப் போட்டுப் பார்த்தால் ஒரு வில்லையின் முன்முகமும் பின்முகமும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போயிருந்தன. ஓரத்தின் கனம் மைனஸ் 2 மில்லிமீட்டர். அப்படிப்பட்ட கண்ணாடியை எந்தக் கடையில் வாங்குவது?

எனக்கு உடனே கும்பகர்ணன் ஞாபகம் வந்தான். நித்தியத்துவம் கேட்கப் போய், நாக்குப் புரண்டு, நித்திரைத்துவம் கேட்டானே, அவன். தவத்தில் குறையில்லை. வரம் கொடுத்தவரிடமும் குறையில்லை. கேட்டதைத்தான் கொடுத்தார். இந்த மெஷினும் அப்படித்தான். கண்ணாடிக்குக் கனம் இருக்கவேண்டும், குவியத் தூரம் இவ்வளவு இருக்கவேண்டும், மொத்த நீளம் கைக்கு அடங்கவேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்கவேண்டும். கேட்க மறந்ததை அது தராது. பாப்பா இரண்டு வருஷமாகச் செய்த வேலை, வரம் கேட்கக் கற்றுக்கொண்டதுதான். புரோகிராமில் 'சுத்தியல்' என்றே ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அமுக்கிவிட்டு நாம் சாப்பிட்டுத் தூங்கலாம். அது இரவெல்லாம் தட்டித் தட்டிப் பார்த்து, இன்னும் நல்லது கிடைக்கிறதா என்று தேடிக்கொண்டே இருக்கும்.

அன்றிரவு சுத்தியலை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அவள் சொன்னாள்.

அவள் கணக்கிட்ட லென்ஸ் ஒன்று பட்டறைக்குப் போயிற்று. மூன்று வில்லைக்காரரின் வம்சம்தான். முதல் வில்லையின் பின்முகம் மிக லேசான வளைவு. கண்ணுக்குத் தட்டையாகவே தெரியும். கணக்கில் அது வெளியே குவிந்த முகம். வரைபடத்தில் எழுதும்போது குழிந்த முகம் என்று எழுதிவிட்டாள். குவி, குழி, நம் தமிழில் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். இங்கிலீஷ் வரைபடத்திலும் அப்படியே: ஸி.எக்ஸ். என்பதற்குப் பதில் ஸி.ஸி. மேலதிகாரி பார்த்துக் கையெழுத்துப் போட்டார்; அவர் கண்ணிலும் படவில்லை. பட்டறைக்காரர்கள் வரைபடத்தை அணுவளவும் பிசகாமல் பின்பற்றி, நாற்பது வில்லைகளைத் தேய்த்து, மெருகு போட்டு, பூச்சும் பூசிவிட்டார்கள். பொருத்திப் பார்த்தபோது படம் கலங்கலாக விழுந்தது.

"யாரும் திட்டவில்லை மாமா. திட்டியிருந்தால் தேவலை. எல்லாரும் மெதுவாகப் பேசினார்கள். எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. ராஜிநாமாக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன்."

ஆறுதல் சொல்லுவது என் தொழிலில் பாதி. அன்று ஒரு வார்த்தையும் வரவில்லை. ஹப்பிள் தூரதர்சினியைப் பற்றி எங்கோ படித்ததை எடுத்துவிட்டேன். 1990-ல் வானத்துக்கு அனுப்பினார்களே, அதற்கே கண்ணாடி தவறாக அமைந்துவிட்டதாமே என்றேன்.

அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. 2.4 மீட்டர் அகலமான ஆடி. அதைச் சோதிக்கிற கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்துவிட்டது. அந்தக் கருவியை நம்பித் தேய்த்ததால், ஆடியின் ஓரம் சுமார் 2 மைக்ரான் அதிகமாகத் தட்டையாகிவிட்டது. தலைமயிரின் கனத்தில் ஒரு சிறு பங்கு. வேறு இரண்டு சோதனைகள் தவறைக் காட்டியிருக்கின்றன. அவை அவ்வளவு நுட்பமானவை அல்ல என்று ஒதுக்கிவிட்டார்கள். "ஆனால் ஒன்று மாமா. அந்த ஆடியை மிகக் கச்சிதமாகத் தவறான வடிவத்துக்குத் தேய்த்திருந்தார்கள். தவறு இவ்வளவு என்று துல்லியமாகத் தெரிந்ததால், அதே தவறைத் தலைகீழாக வைத்துத் திருத்தக் கண்ணாடிகள் செய்ய முடிந்தது. 1993 டிசம்பரில் மேலே போய்ப் பொருத்திவிட்டு வந்தார்கள்."

"பார்த்தாயா!" என்றேன்.

"அவர்களுக்குப் பின்னால் ஒரு தேசம் இருந்தது. எனக்குப் பின்னால் நீங்கள்தானே மாமா இருக்கிறீர்கள்" என்றாள். எனக்கு அதற்கும் பதில் தெரியவில்லை.

அதுவரை மோர்ப் பாத்திரத்தை மூடிக்கொண்டிருந்த என் மனைவி அங்கிருந்தபடியே கேட்டாள்: "அந்த நாற்பதையும் என்ன செய்தார்கள்?"

"பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார்கள் மாமி. குப்பைதான்."

"ஏன் குப்பை? மோர் புளித்துவிட்டால் கொட்டிவிடுகிறோமா? மோர்க்குழம்பு பண்ணுகிறோம். அதை வைத்துக்கொண்டு மற்றதை மாற்றிப் பாரேன்."

"அப்படியெல்லாம் முடியாது மாமி" என்றாள் பாப்பா. சொல்லிவிட்டு, திரையைப் பார்த்தபடி வெகுநேரம் பேசாமல் இருந்தாள்.

இரவு ஒரு மணிக்கு விழித்துப் பார்த்தேன். கூடத்தில் வெளிச்சம். முதல் வில்லையின் இரண்டு வரிகளில் தவறாகச் செய்யப்பட்ட எண்களையே அப்படியே எழுதி, அவற்றுக்குப் பக்கத்தில் 'வி' இல்லாமல் விட்டிருந்தாள். மாற்ற முடியாதது அது. மற்ற நான்கு வளைவுகளுக்கும், இரண்டு இடைவெளிகளுக்கும் 'வி'. எட்டுக்கு எட்டு என்ற கணக்கில் இப்போது அவள் கையில் ஆறுதான் இருந்தன.

பழையபடி வந்துவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். கதையானால் எழுதியிருப்பேன். அவ்வளவு நன்றாக வரவில்லை. வாயைக் கொஞ்சம் சுருக்கி, வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டால் நடுப்பகுதியில் படம் தெளிவாக விழுந்தது; ஓரங்கள் சுமார்தான். மூன்று நாள் உட்கார்ந்து, சுத்தியலால் தட்டிப் பார்த்து, அளவில் சிறிது பிசகினால் என்ன ஆகும் என்பதையும் சோதித்து, கம்பெனிக்கு எழுதி அனுப்பினாள். கூடவே, குவியைக் குழி என்று எழுதியது தான்தான் என்றும், வரைபடத்திலிருந்து எண்களை மறுபடி புரோகிராமில் ஏற்றிச் சரிபார்த்த பிறகே பட்டறைக்கு அனுப்பவேண்டும் என்றும் ஒரு பக்கம் எழுதினாள். ராஜிநாமாக் கடிதத்தை அனுப்பவில்லை.

பதில் வந்தது. பழைய ஆர்டருக்கு அந்த லென்ஸ் உதவாது என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் பட்டறையிலேயே ஒரு சோதனை மேஜைக்கு அப்படி ஒன்று வேண்டியிருக்கிறது, பத்து வில்லைகளை அதற்கு எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். நாற்பதில் பத்து. மீதி முப்பதும் இன்னும் பெட்டியில்தான் இருக்கின்றன. அவளுடைய ஒரு பக்கக் கடிதத்தை மட்டும் எல்லா மேஜைகளுக்கும் நகல் எடுத்துக் கொடுத்தார்களாம்.

லீவு முடிந்து அவள் ரயிலேறினாள். ஜன்னல் வழியாக, "மாமா, மைனஸை மறக்காதீர்கள்" என்றாள்.

தொடர்கதை பின்பு புத்தகமாக வந்தபோது ஐந்தாவது அத்தியாயத்தைத் திருத்தி எழுதினேன். அதில் கதாநாயகனின் முதல் லென்ஸ் கெட்டுப்போகிறது. அவன் ஓர் எண்ணைத் தவறாக எழுதியிருக்கிறான். அதைக் கண்டுபிடிக்க அவனுக்கு நாலு நாள் ஆகிறது. பத்திரிகையில் படித்திருந்த ஒரு வாசகர், பழைய அத்தியாயம்தான் உருக்கமாக இருந்தது என்று எழுதியிருந்தார். இருக்கலாம்.

போன வாரம் மறுபடியும் கண்ணாடிக் கடைக்குப் போனேன். அதே பையன், அதே இரும்புச் சட்டம். "இது தெளிவா ஸார், இது தெளிவா?" என்றான். இந்தத் தடவை துணிந்து, "இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கின்றன, தம்பி" என்றேன்.

பையனுடைய முகம் மலர்ந்தது. "அதைத்தான் ஸார் எதிர்பார்த்தேன். இரண்டும் ஒன்றாகத் தெரிகிற இடத்தில்தான் பவர் சரி என்று அர்த்தம். போன தடவையே சொல்லியிருக்கலாமே!" என்றான்.